நரம்புக்குப் பதில் நெஞ்சு

முதுகு வலி செம்பியனை மஞ்சக்குப்பத்திலேயே பிடித்துக்கொண்டது. சிதம்பரம் வந்து சேரும்வரை விடவில்லை. இடுப்புக்கு மேலே, தண்டுவடத்தை ஒட்டி, யாரோ ஆணி அடித்து வைத்ததுபோல ஒரு வலி. முதுநகர் துறைமுகத்தில் யூரியா மூட்டை சுமந்த காலத்தில் இறங்கிய ஆணி அது. கோடையில் தூங்கும். கார்த்திகை மழை பிடித்தால் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். ஆண்டியின் பைக்கோ, வழியில் ஒரு பள்ளத்தைக்கூட விசாரிக்காமல் விடவில்லை.

"மெதுவா போடா."

"நான் மெதுவாத்தான் மாமா போறேன். பள்ளந்தான் வேகமா வருது."

ஆண்டி, செம்பியனின் மனைவி சௌந்தரத்தின் தம்பி. செம்பியன் துப்பறியும் நிலையத்தின் ஒரே சிப்பந்தி, டிரைவர், வாய். கடைசி வேலையை மட்டும் ஓவர்டைம் போட்டுச் செய்வான்.

"அக்கா கேட்டுச்சு. இந்த மழையில இன்னா கேசு, இவ்ளோ அவசரமான்னு."

"நீ என்ன சொன்ன?"

"எலி கேசுன்னேன். எலிக்கு எதுக்குடா புதுச்சட்டைன்னு கேட்டுச்சு. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல மாமா."

செம்பியன் மழையைப் பார்த்தான். சட்டை புதுசுதான். நேற்று போனில் அழைத்த குரல்தான் புதுசில்லை. அருள்மொழி. முதுநகரில் செம்பியன் வீட்டிலிருந்து நாலாவது வீடு. செம்பியனின் தாய் ஒருநாள் பெண் கேட்டு, வெற்றிலைப் பாக்குத் தட்டோடு அந்த வீட்டுப் படியேறினாள். படிக்கிற பெண்ணுக்கு மூட்டை தூக்குகிறவனா என்று கேட்டு, தட்டைத் தொடாமலே திருப்பி அனுப்பினார் அருள்மொழியின் அப்பா. அதற்குப் பிறகுதான் செம்பியன் மூட்டை தூக்கிக்கொண்டே தபாலில் டிகிரி வாங்கினான், மூட்டையை விட்டான், துப்பறிய வந்தான். அவளோ டாக்டர் பட்டம் வாங்கினாள், கூடப் படித்த கார்த்திகேசனைக் கட்டிக்கொண்டாள். செம்பியன் அவனை இதுவரை பார்த்ததில்லை. பார்க்காமலே பிடிக்காத ஆட்களில் அவனுக்குத்தான் முதலிடம்.

வெள்ளாறு உயிரியல் ஆய்வு மையம் ஒரு பழைய மாடி வீட்டை வளைத்துப் போட்ட தனியார் நிறுவனம். வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி, காலுக்கு நீல உறை கொடுத்தார்கள். ஆண்டி அதைத் தலையில் மாட்டிப் பார்த்துவிட்டுக் காலுக்கு மாற்றினான்.

"வாங்க செம்பியண்ணே," என்றாள் அருள்மொழி.

அண்ணே. ஆணி ஒரு சுற்று உள்ளே இறங்கியது.

அவளுக்குப் பின்னால் நின்றவன் கைநீட்டினான். வெள்ளைக் கோட்டு, மழித்த முகம், உள்ளங்கை பஞ்சு மாதிரி. ஒரு மூட்டை தூக்கினால் ஒருவாரம் படுத்துவிடுவான் என்று கணக்குப் போட்டுக்கொண்டே செம்பியன் அந்தக் கையைக் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தினான்.

"கார்த்திகேசன். இவங்க வீட்டுக்காரர். இங்கதான் வேலை."

அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். மையத்தின் தலைவி டாக்டர் ஞானாம்பாள்: நரைத்த கொண்டை, வெள்ளைக்கு நெருங்கிய புடவை, நிமிர்ந்த முதுகு. செம்பியனுக்கு அந்த முதுகின்மேலும் பொறாமை வந்தது. இன்னொருவர் ஆய்வகப் பொறுப்பாளர் அந்தோணிசாமி. சாவிக்கொத்தை இடுப்பில் தொங்கவிட்டு, கோயில் மணியக்காரர் மாதிரி நின்றார்.

"துப்பறியிறவங்க வேண்டாம்னுதான் நான் சொன்னேன்," என்றார் ஞானாம்பாள். "ஆராய்ச்சின்னா தோத்துத்தான் ஜெயிக்கணும். ஆனா இவ மனசு ஆறணுமே."

அருள்மொழி ஆண்டியை மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார வைத்தாள். அவன் கண்ணைப் பொருத்தியவுடன் துள்ளினான்.

"மாமா! துடிக்குது! சின்னச் சின்னதா, டொக்கு டொக்குன்னு!"

"அதான் பிரச்சினை," என்றாள் அவள். "அது துடிக்கவே கூடாது."

அவள் சொன்னது இதுதான். சுண்டெலியின் கரு உருவான சில நாளில், அதன் உள்ளே ஒரு கொத்து உயிரணு இருக்கும். குருத்தணு. அதைப் பிரித்தெடுத்துக் கிண்ணத்தில் வளர்க்கிறார்கள். "அதுக்கு இன்னும் வேலை ஒதுக்கல அண்ணே. தோலாவும் ஆவலாம், ரத்தமாவும் ஆவலாம். அதை உருண்டை உருண்டையா திரள விட்டு, சரியான நேரத்துல ஒரு அமிலம் விடுவோம். ரெட்டினாயிக் அமிலம்னு பேரு. வைட்டமின் ஏவுக்குப் பங்காளி. அது போயி, நீ நரம்பா ஆவுன்னு சொல்லும். அப்புறம் பசை பூசின கிண்ணத்துல பரப்புனா, ஒவ்வொரு அணுவும் நூல் மாதிரி கையை நீட்டி, பக்கத்துல இருக்கிறதைத் தேடித் தொடும். பாக்கவே கண்ணு போதாது."

"அமிலம் சொல்லலன்னா?"

"அது இஷ்டத்துக்குப் போவும். பாதி இதயத் தசையாயி, தானா துடிக்க ஆரம்பிச்சிடும்."

"எங்க அக்கா புள்ள மாதிரி," என்றான் ஆண்டி. "சொல்ல ஆள் இல்லன்னா கிரிக்கெட்டுக்குப் போயிடுவான்."

ஆகஸ்டில் முதல் முயற்சியிலேயே அருள்மொழிக்கு நரம்பு வந்துவிட்டது. பணம் கொடுக்கிற அறக்கட்டளைக்காரர்கள் படத்தைப் பார்த்துவிட்டு நேரில் வருவதாகச் சொன்னார்கள். தீபாவளிக்குப் பிறகு இரண்டு முறை செய்தாள். இரண்டு முறையும் நரம்பு கேட்டால் நெஞ்சு வந்தது. வருகிற திங்கட்கிழமை அவர்கள் வருகிறார்கள்.

"புதுசா ஆரம்பிச்சு வளக்க இனிமே நாள் இல்ல. திட்டத்தை மூடுனா மூடட்டும். ஆனா ஆகஸ்டுல காட்டுனதே பொய்ப் படம்னு சொல்லிடுவாங்க. அப்புறம் எந்த ஆய்வகமும் என்னை உள்ள விடாது."

கார்த்திகேசன் அவள் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, தன் கோட்டு நுனியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். அவள் அதைக் கேட்கவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை. கைக்குக் கை அது பழகிப்போயிருந்தது. செம்பியன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அமிலம் எங்க இருக்கு?"

"பூட்டுன உறைபெட்டியில. வெளிச்சம் பட்டா கெட்டுடும். அதனால புட்டிக்கு வெள்ளித்தாள் சுத்தி, தாள்மேல லேபிள் ஒட்டியிருப்போம்."

"சாவி?"

"எங்க நாலு பேர்கிட்டயும்."

செம்பியன் கார்த்திகேசனைத் தாழ்வாரத்துக்குத் தனியாக அழைத்துப் போனான். ஆண்டி கூடவே ஒட்டிக்கொண்டு வந்தான்.

"நீங்களும் டாக்டருதானே?"

"ஆமாங்க."

"உங்க ஆராய்ச்சியைப் பாக்க யாராவது வர்றாங்களா?"

"இல்லீங்க. நான் நண்டு ஓட்டுல வேலை செய்யிறேன். அதைப் பாக்க நண்டுகூட வராது."

ஆண்டி சிரித்துவிட்டான். செம்பியன் முறைத்ததும் சிரிப்பை இருமலாக மாற்றினான்.

"புது அமிலம் பார்சல் வந்தப்ப கையெழுத்துப் போட்டு வாங்குனது?"

"நான்தான்."

"வெள்ளித்தாள் சுத்துனது?"

"அதுவும் நான்தான். அருளு கைவேலையா இருந்தா."

அருளு. செம்பியனுக்கு அந்தப் பேரே உறுத்தியது. "பொண்டாட்டி ஜெயிச்சா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

கார்த்திகேசன் கொஞ்சம் யோசித்தான். "ஒருநாள் ரெண்டுநாள் கஷ்டமாத்தான் இருக்கும். அப்புறம் சரியாயிடும்."

இப்படி ஒருவன் ஒளிக்காமல் பேசினால், இன்னும் பெரிதாக எதையோ ஒளிக்கிறான் என்று செம்பியன் முடிவு கட்டினான். முடிவு கட்ட அவனுக்கு ஆசையாகவும் இருந்தது.

கார்த்திகேசன் உள்ளே போனதும் செம்பியன் ஆண்டியிடம் தணிந்த குரலில் சொன்னான். "கவனிச்சியா? அணு எதுவும் சாவல. கெடுக்கணும்னு நெனச்சவன் ஒரு சொட்டு பினாயில் ஊத்தியிருந்தா எல்லாம் செத்திருக்கும். இவன் ஊத்தல. உசுரோட இருக்கட்டும், நல்லா கொழுக்கட்டும், ஆனா அவ கேட்டதா மட்டும் ஆயிடக்கூடாதுன்னு நெனச்சிருக்கான். இது பகை இல்லடா. பொறாமை."

"அனுபவத்துல சொல்றியா மாமா?"

"வாய மூடு."

"மூடிட்டேன். ஆனா ஒண்ணு. நீ அவரப் பாக்குற பார்வையில ஒரு உருண்டை வெச்சா அதுவே துடிக்கும்."

ஆய்வகத்துக்குத் திரும்பியபோது செம்பியனால் நிற்க முடியவில்லை. நாற்காலி எல்லாம் உயரமான சுழல் நாற்காலி. மூலையில் கிடந்த ஒரு கையகல மரப்பலகையை இழுத்துப் போட்டு, உறைபெட்டிக்கு முன்னால் தரையோடு தரையாக உட்கார்ந்தான். மானம் போனால் போகட்டும், முதுகு மிஞ்சினால் சரி.

அந்தோணிசாமி உறைபெட்டியைத் திறந்தார். கம்பித் தட்டுகளில் புட்டிகள் வரிசையாக நின்றன. மற்றவர்கள் அவற்றை நேராகப் பார்த்தார்கள். செம்பியன் கீழிருந்து பார்த்தான். கம்பிகளுக்கு நடுவே, தாள் சுற்றாத ஒவ்வொரு புட்டியின் அடியிலும், வட்டமாக ஒரு சிவப்பு.

"இது என்ன, அடியில ரத்தம்?"

"பொட்டு சார்," என்றார் அந்தோணிசாமி. "ஆயுத பூஜைப் பொட்டு. இங்க சாமான் எல்லாத்துக்கும் வெச்சிடுவோம். ஒரு வருஷம் கிண்ணத்தைச் சூடா வெச்சிருக்கிற இன்குபேட்டருக்கு வெக்க மறந்தோம். அந்த வாரமே படுத்துடுச்சு. அதுலேருந்து ஒண்ணையும் விடறதில்ல."

"நீங்க அந்தோணிசாமிதானே?" என்றான் ஆண்டி.

"இன்குபேட்டருக்கு அதெல்லாம் தெரியுமா தம்பி?"

"பொட்டை ஏன் அடியில வெச்சீங்க?" என்று கேட்டான் செம்பியன்.

"முன்னெல்லாம் மூடியிலதான் வெப்போம். போன வருஷம் குங்குமம் உதிர்ந்து உள்ள விழுந்து, மொத்தக் கிண்ணத்துலயும் பூஞ்சை புடிச்சிடுச்சு. பக்கவாட்டுல வெச்சா ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறப்ப போயிடும். அதனால இந்த வருஷம் புட்டியைத் தூக்கிப் புடிச்சு அடியில வெச்சோம்."

செம்பியன் அப்படியே உட்கார்ந்திருந்தான். முதுகு வலி எங்கேயோ போயிருந்தது.

"புது அமிலம் எப்ப வந்துச்சு?"

"பூஜை முடிஞ்சு, தீபாவளிக்கு முந்தின வாரம்," என்றாள் அருள்மொழி. "பழசு வீரியம் போயிடுச்சு. அதைக் கழிச்சு அலமாரியில வெச்சுட்டு, புதுசு வாங்குனோம்."

"அப்ப புதுப் புட்டிக்குப் பொட்டு இருக்காது."

"இருக்காது."

"தாளைப் பிரிங்க."

அருள்மொழி எழுந்து, பழக்கத்தில் முதலில் விளக்கை அணைத்தாள். ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டாள். மங்கல் இருட்டில் வெள்ளித்தாள் சரசரத்தது. ஆண்டி செல்போனைத் தூரத்தில் பிடித்து, விரலால் மறைத்து, துளி வெளிச்சம் விட்டான். அவள் புட்டியைத் தலைக்கு மேலே தூக்கினாள்.

அடியில் பொட்டு இருந்தது. சந்தனத்தின் நடுவே குங்குமம்.

"இது பழசு," என்றாள். குரல் உடைந்தது. "இவ்ளோ நாளா நான் பழசைத்தான் ஊத்தியிருக்கேன். தாள் புதுசு, லேபிள் புதுசு, உள்ள பழசு."

யாரோ விளக்கைப் போட்டார்கள். செம்பியன் சுவரைப் பிடித்து எழுந்தான். இத்தனை வருஷம் பொத்தி வைத்திருந்தது வாய்க்கு வந்தது. கடைசிச் சொல்லைச் சொல்லும்போது தன் குரலில் ஒரு சந்தோஷம் ஏறியிருந்ததை அவனே கேட்டான்.

"பார்சல் வாங்குனது இவரு. தாள் சுத்துனது இவரு. மனைவி பேர் பெரிசாவுறது கஷ்டமா இருக்குன்னு சொன்னதும் இவருதான். அருள்மொழி, திருடன் வெளியில இல்ல. உங்க வீட்டுக்குள்ளயே இருக்கான்."

அருள்மொழி கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கணம், ஒரே ஒரு கணம், சந்தேகம் வந்து போனது. கார்த்திகேசன் அதைப் பார்த்துவிட்டான். முகம் வெளுத்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"அந்தோணி சார் புட்டியைத் தூக்கிப் புடிச்சாரு. அடியில பொட்டு வெச்சது நான். இந்தப் புட்டிக்கும் விளக்கை அணைச்சுட்டு, தாளை விலக்கி நான்தான் வெச்சேன். பொட்டு எங்க இருக்குன்னு தெரிஞ்சவன் அதைத் துடைக்காமலா மாத்தி வெப்பான்?"

செம்பியன் அருள்மொழி கையிலிருந்த புட்டியை மறுபடி பார்த்தான்.

ஆண்டிதான் வாயைத் திறந்தான். இந்த முறை நையாண்டி இல்லை. "அப்ப பொட்டு அடியில இருக்குன்னு தெரியாத ஆளு மாத்தியிருக்கு. பூஜை அன்னிக்கு இங்க யாரு வரல?"

அந்தோணிசாமி தரையைப் பார்த்தார். அருள்மொழி மெல்லத் திரும்பினாள்.

பூஜைக்கு வராதவர் ஒருவர்தான். ஸ்ரீமுஷ்ணத்தில் அண்ணன் இறந்து, தீட்டு கழிகிறவரை இந்தப் பக்கம் தலைகாட்டாதவர்.

"மூடியைப் பாத்தேன்," என்றார் ஞானாம்பாள். நிமிர்ந்த முதுகு அப்படியே இருந்தது. "வருஷா வருஷம் மூடியிலதான் வெப்பாங்க. மூடியில பொட்டு இல்ல. சரி, இந்தப் புட்டியை விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். மாத்தும்போது விளக்கை அணைச்சிருந்தேன். புது அமிலத்துல வெளிச்சம் படக்கூடாதில்ல? திருடும்போதும் கை அதைத்தான் செய்யிது."

"ஏன் மேடம்?" அருள்மொழியின் குரல் சிறுபிள்ளைக் குரலாகிவிட்டது.

"ஏன்னு கேக்குறியா? இந்த ஊர்ல குருத்தணுன்னா என்னன்னு யாருக்கும் தெரியாதப்ப நான் ஆரம்பிச்சேன். எத்தனை கிண்ணம், எத்தனை எலி. எனக்கு ஒருதடவைகூட நரம்பு வரல. நீ வந்தே, உக்காந்தே, முதல் தடவையே வந்துடுச்சு. எல்லாரும் கைதட்டுனாங்க. நானும் தட்டுனேன். வயிறு எரிஞ்சிது, அருள்மொழி. வீட்டுக்குப் போயி சோறு இறங்கல."

"புதுப் புட்டி?"

"என்கிட்டதான் இருக்கு. அதைக் கொட்ட எனக்கு மனசு வரும்னு நெனச்சியா?"

அவர் இன்குபேட்டரின் கதவைத் திறந்தார். கடைசித் தட்டில், தன் பெயர் எழுதிய பழைய கிண்ணங்களுக்குப் பின்னால் கைவிட்டு, ஒரு கிண்ணத்தை எடுத்தார். குழந்தையை ஏந்துவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி வந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

அருள்மொழி குனிந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு ஒதுங்கி, செம்பியனுக்கு இடம் விட்டாள்.

துடிப்பு இல்லை. அசைவு இல்லை. சின்ன உடல்கள், ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய இழைகள் புறப்பட்டு, வளைந்து, தடுமாறி, இன்னொன்றின் இழையைத் தொட்டு நின்றன. வலை வீசியதுபோலக் கிண்ணம் முழுக்கப் பரவியிருந்தது. பொறாமையில் முளைத்தது இவ்வளவு அழகாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் செம்பியன் நம்பியிருக்கமாட்டான்.

"நானும் ஒருதடவை பாத்துடணும்னு ஆசை," என்றார் ஞானாம்பாள். "வந்துடுச்சு. ஆனா யாருகிட்ட போயி காட்டுவேன்? தினமும் எல்லாரும் போனப்புறம் தனியா பாத்துட்டு மூடி வெப்பேன். உன் குருத்தணுதான். உன் அமிலம். ஊத்துன கைதான் என்னுது. திங்கட்கிழமை இதை உன்னுதுன்னு காட்டிக்க."

அருள்மொழி கண்ணாடியைக் கழற்றினாள். இந்த முறை தானே துடைத்துக்கொண்டாள்.

"காட்டுவேன் மேடம். எப்படி வந்துச்சு, எதுனால ரெண்டு தடவை தோத்துச்சு, ஊத்துனது யாரு, அதையும் சொல்லித்தான் காட்டுவேன். ஒரு வரிகூட மறைக்கமாட்டேன்."

ஞானாம்பாளின் முதுகு அப்போதுதான் வளைந்தது. செம்பியன் விட்டு எழுந்த மரப்பலகையில் அவர் மெல்ல உட்கார்ந்தார். அந்தோணிசாமி போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அந்த நிலையிலும் குடிப்பதற்கு முன், "கிண்ணத்தை உள்ள வையி, சூடு கொறையுது," என்றார் அவர்.

வாசலில் மழை சன்னமாகியிருந்தது. ஆண்டியின் பைக்மேல் யாரோ பெரிய பாலிதீன் தாளைப் போர்த்தி, காற்றுக்குப் பறக்காமல் கல் வைத்திருந்தார்கள். கார்த்திகேசன் வந்து கல்லை எடுத்துப் போட்டுவிட்டுத் தாளை உதறி மடித்தான்.

"வந்தப்பவே நனையிதேன்னு போட்டேன்," என்றான். "அருளு உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்கா. மூட்டை தூக்கிட்டே படிச்சவர்னு. நானெல்லாம் அப்பா காசுல படிச்சவன். கேக்கும்போது கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்கும்."

செம்பியன் வாயைத் திறந்தான். சொல் நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே நின்றது. "நேரமாச்சு, வரேன்," என்றான்.

வண்டி கீழவீதி முனை திரும்பும்வரை ஆண்டி எதுவும் பேசவில்லை. அவன் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

"கேஸ் முடிஞ்சிதா மாமா?"

"முடிஞ்சிது."

"எல்லாமுமா?"

மழை மறுபடி வலுத்தது. செம்பியன் புதுச்சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். ஒரு குற்றமும் செய்யாத மனிதனை அவன் மனைவி முன்னால் திருடன் என்று சொல்லியிருந்தான். கார்த்திகேசனிடம் ஒரு மன்னிப்பு கேட்க வேண்டும். அது பாக்கி.